தடாவைத் தாண்டிய படங்கள்

2015 ஜூலை 10 அன்று ‘பாகுபலி’ வெளியானதிலிருந்து ஒரு கூற்று சினிமா மேடைகளிலும் பத்திரிகைப் பேட்டிகளிலும் சலிக்காமல் ஒலித்துவருகிறது. தென்னிந்திய சினிமாவைக் காலங்காலமாகப் பிரித்து வைத்திருந்த மொழிச் சுவரைப் ‘பான் இந்தியா’ படம் இடித்துத் தள்ளிவிட்டதாம். சொல்பவர்கள் பெரும்பாலும் தயாரிப்பாளர்கள். கேட்டுத் தலையாட்டியவர்களில் சினிமா வரலாறு தெரிந்த விமர்சகர்களும் உண்டு என்பதுதான் வருத்தம்.

இந்தக் கூற்றை உரசிப் பார்க்கத் தடாவைவிடத் தோதான இடம் கிடைக்காது. சென்னையிலிருந்து வடக்கே போகும் தேசிய நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கம் கடந்ததும் வரும் ஆந்திர ஊர் தடா. கிழக்கே பழவேற்காடு ஏரி. மேற்கே வரதய்யபாளையம், சத்தியவேடு, நகரி என்று தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் வட்டாரம். 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தடா மண்டலம், மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. சென்னைப் புறநகர் ரயில் இதைக் கடந்து சூளூர்பேட்டை வரை போகிறது. இந்தப் பக்கத்துப் பார்வையாளருக்கு ஒரு படத்தின் தமிழ்ப் பிரதியும் தெலுங்குப் பிரதியும் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்திலேயே கிடைக்கும். எதை எதில் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்வார். அப்படி இரண்டையும் காதில் வாங்கிய ஒருவரிடம் போய், சுவர் 2015-இல்தான் இடிந்தது என்று சொல்லிப் பார்க்கலாம்.

தென்னிந்தியாவின் பேசும்படம் பிறந்ததே இரண்டு மொழிகளோடுதான், சரியாகச் சொன்னால் மூன்றோடு. எச்.எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. பம்பாயில், ‘ஆலம் ஆரா’வின் அரங்கங்களிலேயே எடுக்கப்பட்ட படம் இது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், நாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொன்னார், எல்.வி. பிரசாத் இந்தியில் பேசினார். இதைத் தொழில்நுட்பக் குழந்தைப் பருவத்தின் வேடிக்கை என்று சினிமா வரலாறுகள் ஒரு வரியில் தள்ளிவிடுகின்றன. ஆனால் அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் எழுந்து போய்விடவில்லை. காதலி ஒரு மொழியிலும் காதலன் இன்னொரு மொழியிலும் பேசுவது, ஜார்ஜ் டவுனிலும் சௌகார்பேட்டையிலும் வாழ்ந்த சென்னைவாசிக்கு அப்படியொன்றும் அதிசயமில்லை. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே ரெட்டி ‘பக்த பிரகலாதா’வை முழுத் தெலுங்குப் படமாக எடுத்தார். தமிழும் தனிவழி பிடித்தது. பேசும்படத்தின் மொழிகள் பிரிக்கப்பட்டது அப்போதுதான்.

பிரிந்த பிறகும் ஆட்கள் பிரியவில்லை. சித்தூர் வி. நாகையா குண்டூர்ப் பக்கத்து ரேபள்ளையில் பிறந்தவர். சித்தூர் நாடக சபையில் நடித்துப் பேர் வாங்கியதால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1941-இல் ‘அசோக்குமா’ரில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிரே அசோகச் சக்கரவர்த்தியாகவும், 1945-இல் ‘மீரா’வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு எதிரே ராணாவாகவும் நின்றவர், மறு ஆண்டே தெலுங்கில் ‘தியாகய்யா’வைத் தானே இயக்கி நடித்தார். திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய ஒருவரின் கதை அது. இரு மாநிலத்தாரும் சொந்தம் கொண்டாட வேண்டிய நடிகர், இன்று இரு பக்கத்திலும் குணச்சித்திர முதியவராக மட்டும் நினைவுகூரப்படுகிறார். ‘தியாகய்யா’வைத் தேடிப் பார்ப்பவர்கள் அந்தப் பிழையை உணர்வார்கள்.

1948 ஏப்ரலில் எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ தமிழில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், சில காட்சிகளை மறுபடி எடுத்து, நடிகர்களை மாற்றிச் சேர்த்து, இந்தியில் நாடு முழுக்கப் போனது. பிரமாண்ட அரங்கு, முரசு நடனம், வடக்கே விளம்பரப் படையெடுப்பு என்று இன்றைய பான் இந்தியாவின் சூத்திரம் முழுவதும் அதில் இருக்கிறது. பெயர்தான் அப்போது வைக்கப்படவில்லை.

இருமொழிப் படத்தின் பொற்காலம் என்று சொல்லத் தக்கது 1951 முதல் 1957 வரையிலான ஏழாண்டுகள். வடபழனி வாகினி ஸ்டுடியோவில் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் நடத்திய விஜயா புரொடக்‌ஷன்ஸ் அதன் இருப்பிடம். ‘பாதாள பைரவி’ (1951), ‘மிஸ்ஸம்மா’ அல்லது ‘மிஸ்ஸியம்மா’ (1955), ‘மாயா பஜார்’ (1957) மூன்றும் தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியாக உருவானவை. அரங்கம் ஒன்று, மார்க்கஸ் பார்ட்லியின் ஒளி ஒன்று, மெட்டுகளும் பெரும்பாலும் ஒன்று. மாறியவை வசனமும் சில நடிகர்களும். அந்த இரண்டும் மாறியதால் படமே வேறாகிப் போனது என்பதைக் கவனித்து எழுதியவர்கள் குறைவு.

‘மிஸ்ஸம்மா’வில் வரும் துப்பறியும் ராஜுவை எடுத்துக்கொள்ளலாம். ஜமீன்தாரின் காணாமற்போன மகளைத் தேடிப் பூதக்கண்ணாடியும் கையுமாக அலையும் பாத்திரம். தெலுங்கில் அதைச் செய்தவர் அக்கினேனி நாகேஸ்வர ராவ். ‘தேவதாசு’ வந்து இரண்டே ஆண்டுகள். ஆந்திரப் பெண்கள் அழுது தீர்த்த காதல் நாயகன். அவர் குனிந்து கால் தடம் பார்க்கும்போது, பெரிய நடிகர் ஒருவர் விளையாட்டுக்குச் செய்யும் குறும்பாக அது தெரிகிறது. ஜமுனாவோடு வரும் காட்சிகளில் காதலும் நிஜமாக இருக்கிறது. தமிழில் அதே ராஜு கே.ஏ. தங்கவேலு. இங்கே குறும்புக்கு இடமில்லை, எல்லாம் முழு நகைச்சுவை. இழுத்துப் பேசும் அவரது பாணியில் துப்பறிதலே ஒரு கேலிக்கூத்தாகிறது. நாயகன் என்.டி. ராமாராவ் போய் ஜெமினி கணேசன் வந்ததில் இன்னொரு மாற்றம் நேர்ந்தது. ராமாராவிடம் சண்டைக்காரக் கணவன் வேடம் கொஞ்சம் கம்பீரத்தோடு நிற்கும். ஜெமினியிடம் அது வேலை கிடைக்காத பட்டதாரியின் இயலாமையாகக் குழைந்து, இன்னும் நம்பும்படி இருக்கிறது. இரண்டிலும் மாறாதவர் சாவித்திரி. தமிழில் அவர் காட்டும் கோபம் ஒரு மாற்றுக் குறைவாகவும் கண்ணீர் ஒரு மாற்றுக் கூடுதலாகவும் இருப்பதை, இரு பிரதிகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் கண்டுகொள்ளலாம்.

‘மாயா பஜா’ரிலும் இதே கதை. கிருஷ்ணர் என்.டி.ஆர்., கடோத்கஜன் எஸ்.வி. ரங்கா ராவ் என்று தூண்கள் இரண்டும் அப்படியே நிற்க, அபிமன்யு ஜெமினியாகவும் லட்சுமண குமாரன் தங்கவேலுவாகவும் மாறினார்கள். தெலுங்கில் பிங்களி நாகேந்திர ராவ் எழுதிய வசனத்தின் விளையாட்டுகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. கொண்டுவர முயலவும் இல்லை. தஞ்சை ராமையாதாஸ் (1914–1965) அங்கே தன் பங்குக்கு வேறு விளையாட்டுகளைக் கட்டினார். மூன்று படங்களுக்கும் தமிழில் உரையாடலும் பாட்டும் எழுதியவர் அவரே. கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனியாளாக விழுங்கித் தீர்க்கும் பாட்டைத் தமிழ்நாட்டில் யாரும் தெலுங்குப் பாட்டின் தழுவல் என்று எண்ணிப் பாடுவதில்லை. அது தஞ்சாவூர்ப் பந்தியின் பாட்டாகவே ஆகிவிட்டது. அதை எழுதியவருக்குத் தமிழ்ப் பாடலாசிரியர் வரிசையில் கண்ணதாசனுக்கும் பட்டுக்கோட்டைக்கும் பின்னால் எங்கேயோ ஓர் ஓரம்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தழுவி எழுதினார் என்பதே அவருக்கு எதிரான குற்றச்சாட்டு. உண்மையில் ஒரு மொழியின் ஊர்வாசனையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றின் வாசனையை ஏற்றுவது, புதிதாக எழுதுவதைவிடக் கடினமான வேலை.

இந்த முறைக்குச் செலவு அதிகம். ஒரே காட்சியை இரண்டு தடவை எடுக்க வேண்டும், இரண்டு நடிகர் கூட்டத்துக்குச் சம்பளம் தர வேண்டும். அரசியலும் குறுக்கே வந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரலில் எல்லைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி தமிழகத்துக்கும் சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்குமாகக் கைமாறின. தெலுங்கு சினிமா உடனே மூட்டை கட்டவில்லை. கோடம்பாக்கத்திலேயே இன்னும் இருபது ஆண்டுகளுக்குமேல் இருந்தது. ஹைதராபாத்தில் அன்னபூர்ணா ஸ்டுடியோ எழுபதுகளின் நடுவில் வந்தபோதும் பாதிக் குடும்பம் சென்னையில்தான் வசித்தது. ஆனால் இருமொழிப் படம் என்ற வடிவம் அறுபதுகளிலேயே மெலிந்துவிட்டது. அதன் இடத்தை மலிவான இரு வழிகள் பிடித்தன: மொழிமாற்றம், மறு ஆக்கம்.

மொழிமாற்றத்தின் தொடக்கம் இதற்கும் முந்தியது. ஏ.வி. மெய்யப்பனின் கன்னட ‘சத்ய ஹரிச்சந்திரா’ 1944-இல் தமிழ்க் குரலோடு வெளியானது. 1950-இல் ‘ஆஹுதி’ என்ற பெயரில் ஓர் இந்திப் படம் தெலுங்குக்கு வந்தபோது, அதற்கு எழுதியவர் மகாகவி ஸ்ரீஸ்ரீ. ‘மகா பிரஸ்தானம்’ எழுதிய கை, இன்னொருவரின் உதட்டசைவுக்குச் சொல் தேடி உட்கார்ந்தது. தெலுங்கு இலக்கிய வரலாறுகள் இதை வயிற்றுப்பாடு என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன.

அந்த வேலையின் நுட்பம் அவ்வளவு எளிதில் கடந்துபோகக் கூடியதன்று. காட்சியைத் துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப ஓட்டி, உதடு எங்கே ஒட்டுகிறது என்று முதலில் பார்ப்பார்கள். மூலத்தில் ‘ப’வும் ‘ம’வும் வந்த இடத்தில் இங்கேயும் ஓர் உதட்டெழுத்து வர வேண்டும், அண்மைக் காட்சியில் இது தப்பினால் கடைசி வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும். தமிழுக்கும் தெலுங்குக்கும் வினைச்சொல் கடைசியில் வருவது பெரிய வசதி. கோபம் உச்சத்துக்குப் போகும் இடமும் வாக்கியம் முடியும் இடமும் இரண்டிலும் ஒத்துப்போகும். தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிவதால் நடிகரின் வாய் திறந்தபடி நிற்கும். தமிழ் வாக்கியம் ‘ம்’ என்று முடிந்தால் உதடு மூட வேண்டும். திறந்த வாயை நிரப்ப ஒரு ‘டா’, ஒரு ‘ப்பா’, ஒரு ‘ய்யா’ வந்து உட்காரும். மொழிமாற்றுப் படங்களில் எல்லாரும் எல்லாரையும் ‘டா’ போட்டு அழைப்பதற்கு எழுத்தாளரின் மரியாதைக் குறைவு காரணமில்லை. நடிகரின் தாடைதான் காரணம்.

இந்த வேலையைக் கலையாகச் செய்தவர்களில் தெலுங்கின் ராஜஸ்ரீக்கு முதலிடம் தர வேண்டும். ‘நாயக’னை ‘நாயகுடு’ ஆக்கியவர். ‘அக்னி நட்சத்திரம்’ தெலுங்கில் ‘கர்ஷணா’வானதிலும், ‘அஞ்சலி’, ‘ரோஜா’ போன்றவை ஆந்திரத்தில் நேரடித் தெலுங்குப் படங்களைப் போல ஓடியதிலும் அவர் பேனாவுக்குப் பங்குண்டு. மணிரத்னத்தின் சுருக்கமான தமிழைச் சுருக்கமான தெலுங்காக்கியது அவர் சாதனை. 1994-இல் மறைந்தார். மணிரத்னம், இளையராஜா, ஏ.ஆர். ரகுமான் பற்றித் தெலுங்கில் பேசுபவர்கள், அவர்களைத் தெலுங்கர்கள் எந்தக் குரலில் கேட்டார்கள் என்பதைப் பேசுவதில்லை. எதிர்த்திசையில் வந்த சரக்கு வேறு வகை. ராஜசேகரின் ‘அங்குசம்’ தமிழில் ‘இதுதாண்டா போலீஸ்’ ஆகித் தமிழ்நாட்டை ஒரு கலக்குக் கலக்கியது. விஜயசாந்தியின் ‘கர்த்தவ்யம்’ ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ ஆனது, ராம்கோபால் வர்மாவின் ‘சிவா’ ‘உதயம்’ ஆனது. வடக்கே காதலும் பாட்டும் போயின. தெற்கே காக்கிச் சட்டையும் சைக்கிள் செயினும் வந்தன.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, 1978-இல், ஒரு படம் வேறு வழியைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. கே. பாலசந்தரின் ‘மரோ சரித்ரா’ விசாகப்பட்டினத்தில் நடக்கும் கதை. அடுத்தடுத்த வீடுகள், இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பம், அந்தப் பக்கம் தெலுங்குக் குடும்பம். நாயகன் பாலுவுக்கு நாயகி சொப்னாவின் மொழி சரியாக வராது. சொப்னாவுக்கு அவன் மொழி தெரியாது. இந்தப் படம் தமிழில் மொழிமாற்றப்படவே இல்லை. கறுப்பு வெள்ளையில், தெலுங்கிலேயே, சென்னை சஃபையர் தியேட்டரில் ஓராண்டுக்கும் மேலாக ஓடியது. கமல்ஹாசனுக்காக ஓடியது என்பது பாதி உண்மை. கமலின் தமிழ்ப் படங்கள் அப்போது மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தன. அவை இப்படி ஓடவில்லை. மொழிமாற்றியிருந்தால் இந்தக் கதையே செத்திருக்கும். இருவரும் ஒரே மொழி பேசினால் இரு வீட்டாருக்கும் சண்டை எதற்கு? புரியாத வசனங்களுக்கு நடுவே உட்கார்ந்த தமிழ்ப் பார்வையாளர், பாலுவின் இக்கட்டிலேயே தாமும் இருந்தார். 1931-இன் ‘காளிதாஸ்’ அறியாமல் செய்ததை ‘மரோ சரித்ரா’ அறிந்து செய்தது. ‘சங்கராபரணம்’ அடுத்த இரண்டாண்டில் வந்து தன் தெலுங்குப் பாட்டுகளைத் தமிழ் வீடுகளில் குடியேற்றியபோது அந்த வழி அகலமாகும் என்றே தோன்றியது. ஆனால் வியாபாரம் மொழிமாற்றத்தைத் தேர்ந்தெடுத்தது.

மறு ஆக்கத்தைக் கேவலமாகப் பேசுவது விமர்சகர்களின் வழக்கம். ‘கில்லி’ 2004-இல் வந்தபோதும் ‘ஒக்கடு’வின் நகல் என்று எழுதினார்கள். 2024 ஏப்ரல் 20 அன்று அது மறுபடி திரைக்கு வந்தபோது, முதல் வெளியீட்டில் பிறந்தே இராத பிள்ளைகள் வசனங்களை நடிகருக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குணசேகரின் மூலத்தில் கதை கர்னூலின் கொண்டா ரெட்டி புருஜுவுக்கும் ஹைதராபாத் சார்மினாருக்கும் இடையே ஓடும். வில்லன் ராயலசீமையின் கோஷ்டிச் சண்டை மரபிலிருந்து வருபவன். தரணி அதை மதுரைக்கும் சென்னைக்கும் பெயர்த்தார். சார்மினார் இருந்த இடத்தில் கலங்கரை விளக்கம். இரண்டிலும் வில்லன் பிரகாஷ் ராஜ்தான். ஆனால் ஓபுல் ரெட்டியின் பயங்கரம் சாதி, நிலம், வெடிகுண்டு சார்ந்தது. முத்துப்பாண்டியின் பயங்கரத்தில் ஒரு மதுரைக் கோமாளித்தனமும் கலந்திருக்கிறது. பரதனின் வசனம் அந்தக் கலவையைச் சாத்தியமாக்கியது. விஜயா படங்களில் ராமையாதாஸ் செய்ததன் தூரத்துச் சொந்தம் இது. ஊரை மாற்றினால் ஆளும் மாறுவான் என்பதைத் தரணி தெரிந்து வைத்திருந்தார். ‘சுப்ரமணியபுரம்’ தெலுங்குக்குப் போனபோது ‘அனந்தபுரம் 1980’ என்று பெயர் மட்டும் மாறியது. திரையில் தெரிந்தது மதுரைத் தெருதான், மதுரைத் தேர்தான். கண்ணுக்கு ஓர் ஊரும் காதுக்கு ஓர் ஊருமாகப் படம் நின்றது.

2012-இன் ‘நான் ஈ’ இந்தப் பழைய முறையின் கடைசி நல்ல விளைச்சல் எனலாம். ராஜமௌலி தமிழுக்கென்று சந்தானத்தை வைத்துத் தனிக் காட்சிகள் எடுத்தார். கிரேஸி மோகன் தமிழ் வசனம் எழுதினார். மூன்றாண்டு கழித்து வந்த ‘பாகுபலி’யும் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் படமாக்கப்பட்டதே. மதன் கார்க்கி எழுதிய தமிழ் செம்மையானது. நாசர், சத்யராஜ், ரம்யா கிருஷ்ணன் தம் சொந்தக் குரலில் பேசியதால் அரசவைக் காட்சிகளுக்கு ஒரு வலு இருந்தது. மகிழ்மதி எங்கும் இல்லாத நாடு என்பதால் அங்கே எந்த மொழி பேசினாலும் உறுத்தவில்லை. அந்தத் தந்திரம் அந்தப் படத்துக்குப் பொருந்தியது. அதையே எல்லாப் படத்துக்கும் விதியாக்கியதுதான் பின்னால் வந்த வினை.

அந்த விதி இப்படி: கதை எங்கும் நடக்கலாம், ஆகவே எங்குமே நடக்காமல் இருப்பது உத்தமம். நாயகன் ஒரு தெலுங்கர், வில்லன் ஒரு இந்திக்காரர், காவல் அதிகாரி ஒரு மலையாளி, பாட்டுக்கு மும்பையிலிருந்து ஒருவர். ஐந்து மொழியில் டிரெய்லர், ஐந்து மொழியிலும் ஒரே தலைப்பு. ‘கங்குவா’வும் ‘கேம் சேஞ்ச’ரும் இந்த விதியின்படி அமைந்த கனமான படங்கள், 2024 நவம்பரிலும் 2025 ஜனவரியிலும் வந்த சுவடு தெரியாமல் போயின. உதட்டசைவு யாருடைய சொல்லுக்கும் பொருந்தாமல், இரைச்சலால் மூடப்படுகிறது. மொழிமாற்று எழுத்தாளர் பெயரைப் போஸ்டரில் தேடுவது வீண் வேலை.

‘புஷ்பா’ இந்த வரிசையில் தனியாகப் பேச வேண்டியது; அது தடாவின் அண்டைக் காட்டுக் கதை. சேஷாசலத்துச் செம்மரம், சித்தூர் வட்டாரம், சரக்கு இறங்கும் சென்னை. 2021 டிசம்பரில் வந்த முதல் பாகத்தில் அல்லு அர்ஜுன் சித்தூர்த் தெலுங்கைப் பேசினார். தமிழ் கலந்து, இழுத்து, சொல்லைக் கடித்துத் துப்பும் பேச்சு அது. கடலோர ஆந்திரத்துக்காரர்கள் நையாண்டி செய்யும் பேச்சும்கூட. தெலுங்குத் திரையில் அதை நாயகன் வாயில் வைத்தது சுகுமாரின் துணிச்சல். அந்த நடிப்புக்கு 2023-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருது தெலுங்கு நடிகர் ஒருவருக்குக் கிடைத்த முதல் சிறந்த நடிகர் விருது. ஆனால் படத்தை நாடறியச் செய்தது இந்திப் பிரதி. அதில் சித்தூர் இல்லை. தமிழ்ப் பிரதியிலும் இல்லை. சித்தூர்த் தெலுங்குக்கு ஈடாக வைக்க, எல்லைக்கு இந்தப் பக்கம் திருத்தணித் தமிழும் பள்ளிப்பட்டுத் தமிழும் தெலுங்கு கலந்து காத்துக் கிடந்தன. பதிலாக எந்த ஊருக்கும் பாத்தியப்படாத ஒரு முரட்டுத் தமிழ் போடப்பட்டது.

இதைவிடப் பெரிய மௌனம் ஒன்றும் படத்தில் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரி அருகே சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறைச் சிறப்புப் படை 20 மரவெட்டிகளைச் சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்குப் போனவர்கள். செம்மரக் கடத்தலைப் பற்றி இரண்டு பாகமாக ஆறு மணி நேரத்துக்குமேல் ஓடும் ஒரு காவியத்தில், மரத்தை வெட்டிச் செத்த அந்தத் தமிழ்க் கூலிகள் கதையின் நடுவுக்கு வரவே இல்லை. எல்லா மொழியிலும் பேசும் படம் இந்த ஒரு பேச்சை எடுக்கவில்லை.

அதற்கு நெருங்கிய பேச்சை எடுத்த படம் அதே 2015-இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு மறு பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வெளியானது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய ‘லாக்கப்’ நூலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’. குண்டூரில் பிழைக்கப் போன தமிழ் இளைஞர்களைப் போலீஸ் தூக்கிப் போகிறது. அடிக்கிறார்கள், கேள்வி தெலுங்கில் வருகிறது. என்ன கேட்கிறார்கள் என்பதே அவர்களில் ஒருவனான பாண்டிக்குப் புரியவில்லை. ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள், எதை என்று தெரியாமல் எப்படி ஒப்புக்கொள்வது? லத்தியின் வலிக்குச் சமமாக அந்தப் புரியாமையும் திரையில் வலிக்கிறது. பிறகு நீதிமன்றக் காட்சி. தெலுங்கு நீதிபதி முன்னால் இவர்கள் தமிழில் கதறுகிறார்கள். வேறு வேலையாக அங்கே வந்திருக்கும் தமிழ்நாட்டு ஆய்வாளர் ஒருவர் – சமுத்திரக்கனி – அழைக்கப்பட்டு மொழிபெயர்க்கிறார். அவர் வாயிலிருந்து இவர்கள் சொன்னது தெலுங்காகி நீதிபதியிடம் போகும் அந்தச் சில நொடிகளில், படம் முழுவதிலும் முதல் முறையாக மூச்சு விட முடிகிறது. விடுதலை. ஆனால் அதோடு படம் முடியவில்லை. மொழி புரிந்த சென்னைக் காவல் நிலையத்துக்கு அவர்கள் வந்து சேர்கிறார்கள். அங்கே எல்லாமே புரிகிறது, புரிவதாலேயே சாகிறார்கள். மொழிச் சுவர் என்று எல்லாரும் பேசும் ஒன்றை உண்மையில் கையால் தொட்டுக் காட்டிய படம் இது. இடித்துவிட்டதாக அது பீற்றிக்கொள்ளவில்லை.

இந்த வழியில் போவதற்குப் பிரமாண்டம் தேவையில்லை என்பதைச் சமீபத்திய இரண்டு படங்கள் காட்டுகின்றன, ஒன்று வெற்றியாலும் மற்றது பாதி வெற்றியாலும். ச. பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27 அன்று தமிழிலும் மறுநாள் ‘சத்யம் சுந்தரம்’ என்று தெலுங்கிலும் வந்தது. ஊரை விட்டுப் போனவன் ஓர் இரவுக்குத் திரும்பி வரும் கதை. தெலுங்குப் பிரதி தஞ்சை மண்ணை ஆந்திரக் கிராமம் என்று மாற்றிச் சொன்னது. ஆனால் பெயர் தெரியாத உறவினன் ஒருவன் அத்தான் என்று உரிமையோடு கட்டிக்கொள்வதும், சோறு போட்டுக்கொண்டே பேசுவதும் எந்த மாற்றமும் கேட்காமல் கிருஷ்ணைக் கரைக்கும் பொருந்தின. தமிழ்நாட்டில் நீளம் என்று முனகி, பிறகு 18 நிமிடங்கள் வெட்டப்பட்ட படத்தைத் தெலுங்குப் பார்வையாளர்கள் அன்போடு ஏற்றார்கள். ஐந்து மொழிக்காக எழுதப்படாத படம், இரண்டு மொழியில் வாழ்ந்தது.

சேகர் கம்முலாவின் ‘குபேரா’ 2025 ஜூன் 20 அன்று வந்தது. திருப்பதியில் பிச்சை எடுக்கும் தேவா மும்பைப் பணமுதலைகளின் பினாமியாக இழுத்துச் செல்லப்படுகிறான். தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுக்கப்பட்ட படம். தனுஷ், நாகார்ஜுனா இருவருக்கும் பேர் வாங்கித் தந்தது. தெலுங்கில் நன்றாக ஓடியது. தமிழ்நாட்டில் கூட்டம் சேரவில்லை. தமிழ் ரசிகருக்கு ரசனை போய்விட்டது என்று சிலர் எழுதினார்கள். விடை இன்னும் எளிது. திருப்பதி மலையடிவாரத்தில் கையேந்தி நிற்பவர்களைச் சுற்றி தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒன்றாக ஒலிக்கும். காசு போடுபவர் எந்த ஊர் என்று பார்த்து மொழியை மாற்றிக் கேட்கத் தெரிந்தவர்தான் அங்கே பிழைக்க முடியும். தனுஷின் தேவா அந்த ஒன்றைச் செய்வதில்லை. தெலுங்குப் பிரதியில் எல்லாரும் தெலுங்கு, தமிழ்ப் பிரதியில் எல்லாரும் தமிழ். உடல்மொழியில் அவ்வளவு உண்மையாக இருக்கும் பாத்திரத்துக்குக் காதின் உண்மை மறுக்கப்பட்டது. ஒரே பிரதியாக, பேசுகிறவர் பேசுகிற மொழியிலேயே விட்டிருந்தால் தடாவுக்கு இருபுறமும் அது வேறு படமாக நின்றிருக்கும்.

வெளியீட்டு அரங்கில் சுவர் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது. 2022 நவம்பரில் தெலுங்குத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், சங்கராந்திக்கு நேரடித் தெலுங்குப் படங்களுக்கே தியேட்டர்களில் முன்னுரிமை என்று கேட்டது. தமிழில் ‘வாரிசு’ 2023 ஜனவரி 11 அன்று வந்தது, அதன் தெலுங்குப் பிரதி மூன்று நாள் பின்தங்கியது. அதே பொங்கலில் சென்னையில் ‘துணிவு’ கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்குக் கதவு சாத்தப்பட்டு, பெரிய படங்களின் சிறப்புக் காட்சியும் காலை 9 மணிக்கென்று ஆனது. அதிலிருந்து ஆந்திரத்தில் முந்தித் தொடங்கும் காட்சிக்காக வடசென்னை ரசிகர்கள் தடாவைத் தாண்டுகிறார்கள். அவர்களில் பலர் போய்ச் சேரும் இடம், சூளூர்பேட்டை அருகே நெடுஞ்சாலையோரம் 2019-இல் ‘சாஹோ’வோடு திறக்கப்பட்ட, 100 அடி அகலத் திரை கொண்ட வி எபிக் திரையரங்கம். அங்கே ஓடுவது தெலுங்குப் பிரதியா தமிழ்ப் பிரதியா என்பதைக் கட்டணச் சீட்டு எடுக்கும் முன்பு கேட்டுக்கொள்கிறார்கள். தெலுங்குதான் என்றால் சிலர் சென்னைக்கே திரும்பிவிடுகிறார்கள், பலர் உள்ளே போகிறார்கள்.